பெறுநரின் கையொப்பம்

புருஷன் சமுத்திரத்துக்கு ஆயுள் தண்டனை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாசித்த அன்று பொன்மணி அழவில்லை. மத்தியானப் பேருந்தில் செட்டியார்பட்டிக்குத் திரும்பி, வாசலில் கிடந்த துணிக்கட்டை அவிழ்த்து, முப்பத்திரண்டு நைட்டிக்கு ஜிப் வைத்தாள். ஷெரின் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சண்முகத்தாய்தான் சொன்னாள்.

வளவில் நான்கு வீடு, பொதுவில் ஒரு குழாய். முதல் வீடு சண்முகத்தாய். தைத்து முடித்த நைட்டிகளில் நூல் பிசிறு வெட்டுகிறவள். இரண்டாவது பொன்மணி. மூன்றாவதில் ஷெரினும் அவள் புருஷன் ஜெபக்குமாரும். அவனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நான்காவது பூட்டிக் கிடந்தது. நடுச்சுவர் மெல்லிசு. பொன்மணி மெஷினை மிதித்தால் ஷெரினின் அலமாரியில் டம்ளர் அதிரும்.

சமுத்திரம் நைட்டிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம், இருநூறு மடிப்புத் துணி ஓர் அங்குலம் குறைவாக வெட்டுப்பட்டுப்போனது. அளவு போட்டது யார் என்று அவனுக்கும் கூட வேலை பார்த்த தங்கச்சாமிக்கும் பேச்சு தடித்தது. கரண்ட் இல்லை. தகரக் கூரை காந்தியது. தங்கச்சாமி அவன் அம்மாவைச் சொல்லி ஏசினான். சமுத்திரம் தள்ளினான். படியில் உருண்டவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலால் அடித்தான் என்று வழக்கு. கோர்ட்டில் சமுத்திரம் கடைசிவரை சொன்னது ஒன்றுதான். எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதிருந்த வக்கீல் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு இலவச சட்ட உதவியில் வேறு வக்கீல் வந்தார். விக்னேஸ்வரன். சின்ன வயசு. “இது மேல்கோர்ட்டுல கொலையா நிக்காதும்மா” என்றார். “தள்ளுனதுதான். அஞ்சாறு வருசத்துல முடிஞ்சிரும். அறுபது நாளுக்குள்ள அப்பீல் போடணும். அவர் ஜெயில்ல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.” பொன்மணியின் போன் சரியில்லை. டீச்சர் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இது மார்கழியில். தை பிறந்த பிறகு அந்தப் பாடம் வந்தது.

குடியரசு தினத்துக்குப் பள்ளிகளுக்குள் வினாடி வினா என்று ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. தலைப்பு, குடியரசுத் தலைவர். ஷெரினுக்கு ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். ஒன்பதரை மணியாகியும் வெளியே பனி விலகவில்லை. மேற்கே மலை இருக்கிற இடம் வெள்ளையாக இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது.

“முப்படைக்கும் அவர்தான் தலைவர்” என்றாள்.

வல்லரசு எழுந்தான். “துப்பாக்கி வச்சிருப்பாரா டீச்சர்?”

“இல்ல.”

“பொறவு எப்படித் தலைவரு?”

“நம்ம எச்.எம். சார் கையில கம்பு இருக்கா? நீ பயப்படுறேல்ல?”

“அவர் கையில இல்ல டீச்சர். பீரோவுல இருக்கு.”

வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிரதமருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பது, நீதிபதிகளை நியமிப்பது, ஆளுநர்களை நியமிப்பது எல்லாம் சொன்னாள். மசோதாவுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“பாராளுமன்றத்துல எல்லாரும் உக்காந்து பேசி இதுல ஒரு சட்டம் எழுதுறாங்க. எல்லாரும் கை தூக்கிட்டாங்க. இப்ப இது சட்டமா?”

“சட்டம் டீச்சர்.”

“இல்ல. இன்னும் தாள்தான். குடியரசுத் தலைவர் இந்த மூலையில கையெழுத்துப் போடணும்.” சிவப்புப் பேனாவால் கிறுக்கினாள். “இப்ப?”

“சட்டம்.”

“கையெழுத்துக்கு முன்னாடி?”

“தாள்.”

“பின்னாடி?”

“சட்டம்.”

மூன்று தடவை சொல்ல வைத்தாள். நன்றாக ஏறிவிட்டது என்று அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

குறிப்பில் கடைசி வரி, தண்டனைகளைக் குறைக்கவும் மன்னிக்கவும் அதிகாரம் கொண்டவர் என்பது. அதை வாசித்துவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் திரும்பியபோது சிவரஞ்சனி எழுந்து நின்றாள். பொன்மணியின் மகள். தீர்ப்பு வந்ததிலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவள்.

“எந்தத் தண்டனையையும் மன்னிக்கலாமா டீச்சர்?”

ஷெரினுக்கு விவரம் தெரியும். முதலில் கோர்ட்டுகள் எல்லாம் முடிய வேண்டும். மாநிலத்து வழக்கு என்றால் பெரும்பாலும் ஆளுநர். யாராக இருந்தாலும் மந்திரிகள் சொல்கிறபடிதான். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். பிள்ளைகள் எல்லோரும் சிவரஞ்சனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“மன்னிக்கலாம்” என்றாள் ஷெரின். “எதுவா இருந்தாலும்.”

ஏழாம் வகுப்புக்கு அது போதும் என்று நினைத்தாள். வீட்டுப்பாடமாக, குடியரசுத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிவரச் சொன்னாள். எதைப் பற்றியும் எழுதலாம்.

முப்பது பேர் ரோடு கேட்டார்கள், பஸ் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கேட்டார்கள். சிவரஞ்சனி இப்படி எழுதியிருந்தாள்.

*என் அப்பா தங்கச்சாமி மாமாவைத் தள்ளியது உண்மை. ஸ்கேலால் அடிக்கவில்லை. அன்றைக்கு லீவு. நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். நான் பார்த்தேன். அப்பா கோர்ட்டில் தெரியாது என்று சொன்னது பொய். பயத்தில் சொன்னார். இரண்டையும் மன்னிக்க வேண்டும். அவருக்குப் பதிலாக அம்மாதான் இப்போது இரண்டு பேர் வேலை செய்கிறாள்.*

ஷெரின் ஒற்றெழுத்து இரண்டு போட்டாள். கீழே பத்துக்குப் பத்து போட்டு, மிக நன்று என்று எழுதினாள். மறுநாள் சிவரஞ்சனி வந்து, டெல்லிக்குப் பின்கோடு என்ன என்று கேட்டாள். ஷெரின் போனில் பார்த்து நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள். அனுப்பினால் அனுப்பட்டும். பிள்ளை மனசு ஆறும்.

பொன்மணி மகளோடு தபாலாபீசுக்குப் போய், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினாள்.

பதினோரு நாள் கழித்து அட்டை திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் ஷெரின் வளவுக்குள் நுழையும்போதே மெஷின் சத்தம் இல்லை. பொன்மணி தலைகுளித்து ஈரமுடியோடு நின்றாள். சண்முகத்தாய் மடியில் நைட்டியைப் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் அட்டையைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டு எருமை வால ஆட்டுன மாதிரி இருக்குட்டி கையெழுத்து.”

“பெரியவிய அப்படித்தான் போடுவாவ. ஒன்னய மாதிரி எழுத்துக் கூட்டியா போடுவாவ?”

“நான் எங்க எழுத்துக் கூட்டினேன். பெருவிரல்தான்.”

“டீச்சர், பாருங்க” என்று பொன்மணி அட்டையை நீட்டினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெறுநரின் கையொப்பம் என்று அச்சடித்திருந்த இடத்தில் நீல மையில் ஒரு கிறுக்கல். அதன்மேல் பாதி விழுந்த வட்ட முத்திரை. தபாலை வாங்கிக்கொண்ட யாரோ போட்டது.

“பொன்மணி, இது வந்து, தபால் போய்ச் சேந்துருச்சுன்னு...”

“அதான் டீச்சர். சேந்து, பாத்து, கையெழுத்தும் ஆயிருச்சு. பாப்பா சொன்னா. கையெழுத்துக்கு முன்னாடி தாளு, பின்னாடி சட்டம். நீங்கதான சொல்லிக்குடுத்தீய. செத்த நேரம் நில்லுங்க.”

உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தாள். சேமியாப் பாயாசம். முந்திரி போட்டிருந்தது. சிவரஞ்சனி வாசற்படியில் நின்று டீச்சரின் முகத்தையே பார்த்தாள். ஷெரின் குடித்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் பொன்மணி மடவார் வளாகத்துக்குப் போய் வைத்தியநாத சுவாமிக்கு அர்ச்சனை வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாள் மதுரைக்குப் போய்ச் சிறையில் புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது. காலையில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு பொன்மணி பாடாத குறையாகப் பேசினாள். அவள் ஒரு நாளைக்கு நாற்பது தைப்பவள், ஐம்பது தைத்தாள். சமுத்திரத்தின் பழைய சட்டைகளை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டாள். ஷெரின் குடத்தில் தண்ணீர் நிறைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் கூப்பிட்டார்.

“டீச்சர், அந்தம்மா பக்கத்து வீடுதானே நீங்க? என்ன நடக்குது அங்க? ஜெயிலுக்கு அனுப்புன வக்காலத்து ரெண்டு தடவ கையெழுத்து இல்லாமத் திரும்பி வந்துருச்சு.”

“ஏனாம் சார்?”

“பெரிய எடத்துல மன்னிப்புக் கேட்டு அதுவும் ஆயிருச்சாம். இனிமே வழக்குப் போடுறது மரியாத இல்லங்கிறாராம். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுட்டார்னு ஜெயில்ல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கார். யார் டீச்சர் இதச் சொல்லிக்குடுத்தது?”

ஷெரின் சோற்று டப்பாவை மூடினாள்.

“திங்கக்கிழமை கடைசி நாள். அதத் தாண்டினா, ஏன் லேட்டுன்னு தனியா மனுப் போடணும். ஜட்ஜ் காரணம் கேப்பார். நான் என்ன சொல்ல? தபால் அட்டையப் பாத்து ஏமாந்துட்டோம்னா?”

வீட்டுக்கு வந்தபோது ஜெபக்குமார் காலை ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னாள்.

“அட்டை வந்தன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல.”

“பாயாசத்தக் கையில குடுத்துட்டா.”

“ஒரு டம்ளர் பாயாசத்துக்கு ஒருத்தன் ஆயுசு” என்றான். குழம்பை ஊற்றிக்கொண்டான். “போ. போய்ச் சொல்லு. ஏச்சு வாங்கு. சாயங்காலம் தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிட்டு வா, இல்லன்னா வளவே கேக்கும்.”

பொன்மணி கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தரை முழுக்க மஞ்சள் பூப்போட்ட துணி. ஷெரின் உட்கார இடம் இல்லை. துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

“வக்கீல் போன் பண்ணார்.”

“அவருக்கு வேற வேல இல்ல. ஒரு தாளத் தூக்கிட்டு அலையுதாரு.”

“அதுல கையெழுத்துப் போடணும் பொன்மணி. திங்கக்கிழமையோட முடியுது.”

“நீங்களுமா டீச்சர்.” மெஷின் நிற்கவில்லை. “எங்க ஆளுகள்ல ஒரு பெரியாளு கால்ல விழுந்து கேட்டுட்டோம்னா, பொறவு ஸ்டேசன் பக்கம் போகக் கூடாது. எங்க அண்ணன் போனான். ஒரு பக்கம் வெத்தல வச்சுக் கேட்டுட்டு, மறுநா காலையில போலீசுல எழுதிக் குடுத்துட்டான். ரெண்டு எடத்துலயும் தொரத்திட்டாவ. இது ஊர்ப் பெரியாளா? நாட்டுக்கே பெரியவிய. அவிய கையெழுத்த வாங்கி வச்சுக்கிட்டு, கோர்ட்டுல போயி நான் குத்தமே செய்யலன்னு சொல்லவா? பாப்பா செஞ்சோம்னு எழுதியிருக்கால்ல?”

“அது அவங்க கையெழுத்து இல்ல.”

ஊசி ஒரு முழம் ஓடிப்போய் நின்றது.

“யாருது?”

“தபால வாங்கிக்கிட்ட ஆளுது. ஆபீஸ்ல தபால் வாங்குற கிளார்க்கா இருக்கும். வாங்கிட்டேன்னு போடுறது. நம்ம போஸ்ட்மேன் நம்மகிட்ட வாங்குவார்ல, அது மாதிரி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது.”

“அந்தக் கிளார்க்குக்குப் பேரு என்ன?”

“தெரியாது பொன்மணி.”

“அப்ப பாப்பா எழுதுனத அவிய பாக்கவே இல்லையா?”

“பாத்தாலும் இங்க மாநிலத்துக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க. அதுவும் கோர்ட்டெல்லாம் முடிஞ்ச பொறகு. நான் பிள்ளைககிட்ட முழுசாச் சொல்லல. எதுவா இருந்தாலும் மன்னிக்கலாம்னு சொல்லிட்டேன்.”

பொன்மணி தைத்த பட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கோணலாகப் போயிருந்தது. ஒரு குண்டூசியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தாள்.

“பத்துக்குப் பத்து போட்டீய.”

“எழுதுனதுக்குப் போட்டேன்.”

“எழுதுனதுக்கு.” நூலை ஊதித் தள்ளினாள். “அட்டை வந்தன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“ஒரு வாரமாத் தெரியும்.”

“ஆமா.”

“பாயாசம் நல்லா இருந்துச்சா டீச்சர்?”

வெளியே சண்முகத்தாய் குடங்களை வரிசை வைக்கிற சத்தம் கேட்டது.

“முந்திரி அம்புட்டு வெல விக்குது” என்றாள் பொன்மணி. “அவியளுக்குப் பிடிக்கும்னு மீதிய டப்பாவுல போட்டு வச்சிருக்கேன், வெளிய வந்தா வேணும்னு.” பிரித்து முடித்து, துணியை மடியில் நீவினாள். “நான் சொன்னா அவிய நம்ப மாட்டாவ. படிக்காத கழுதன்னு சொல்லுவாவ. நீங்க வாங்க. நீங்க சொல்லிக்குடுத்தது, நீங்களே வந்து இல்லன்னு சொல்லுங்க.”

“வாரேன்.”

“வெள்ளிக்கிழமை.”

“லீவு போட்டுட்டு வாரேன்.”

“பாப்பாவுக்கும் நீங்கதான் சொல்லணும். எனக்கு அவ மொகத்தப் பாத்துச் சொல்லத் தெம்பு இல்ல.”

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். சிவரஞ்சனிக்கு அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் தெரியும். ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் வக்கீல் ஜன்னலுக்கு வெளியே நின்று கவரைக் கொடுத்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார்.

“பென்சில்ல குறி போட்டிருக்கேன். அங்க போட்டாப் போதும். ஜெயில் ஆபீஸ்ல சீல் வச்சுத் தருவாங்க. வேற எதுவும் பேச வேண்டாம், கையெழுத்த மட்டும் வாங்கிட்டு வந்துருங்கம்மா.”

பேருந்து புறப்பட்டது. பொன்மணி கவரை இடுப்பில் செருகி, சேலையால் மூடினாள். இட்லியும் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டி சிவரஞ்சனிக்கு மட்டும் கொடுத்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் பசிக்கவில்லை என்றார்கள். மாசிக் காற்றுக்கு ஜன்னல் கண்ணாடி அடித்துக்கொண்டது. வழி நெடுக ஷெரின் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நான்கு வாக்கியம். நான்காவதில், என்னை மன்னிச்சிருங்க என்று வந்தது. அதை எடுத்துவிட்டாள். மறுபடி சேர்த்தாள்.

சிறை வாசலில் பெயர் எழுதுகிற காவலர் ஆதார் கார்டைப் புரட்டினார்.

“பொன்மணி, சம்சாரம். சரி. இது?”

“டீச்சர்.”

“யாருக்கு?”

“பிள்ளைக்கு.”

“பிள்ளைக்கு டீச்சர்னா இங்க என்ன வேல? சொந்தக்காரங்க மட்டுந்தான்.”

“ஒரே ஒரு விஷயம் சொல்லணும் சார்” என்றாள் ஷெரின். “ரெண்டு நிமிஷம்.”

“எல்லாரும் ஒரே ஒரு விஷயம்தாம்மா சொல்ல வர்றாங்க. தள்ளி நில்லுங்க. பிள்ளைய வேணா கூட்டிட்டுப் போகட்டும்.”

பொன்மணி ஷெரினைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“நீ இங்கனயே இரு பாப்பா.”

“நான் அப்பாவப் பாக்கணும்.”

“ஒன் மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வராது. இரு. டீச்சர்கூட இரு.” கவரை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தாள். “நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இரும்புக் கதவின் சின்ன வாசலில் குனிந்து உள்ளே போனாள்.

எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரம். அடியில் காத்திருப்பவர்கள் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். ஷெரின் சிவரஞ்சனியை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு ஒரு பாடம் நடத்துனேன்ல. அதுல பாதிய விட்டுட்டேன்.”

“எந்தப் பாடம் டீச்சர்?”

“குடியரசுத் தலைவர்.”

சொன்னாள். சப்கோர்ட், ஜில்லாக் கோர்ட், மதுரை, டெல்லி என்று வரிசையாகச் சொன்னாள். ஆளுநரைச் சொன்னாள். மந்திரிகளைச் சொன்னாள். கையெழுத்தில் எந்தக் கையெழுத்து சட்டம், எந்தக் கையெழுத்து தபால் என்று சொன்னாள். வகுப்பில் சொல்கிற குரல் வரவில்லை. சிவரஞ்சனி குறுக்கே பேசாமல் கேட்டாள். ரிப்பன் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் எழுதுனது?”

“நீ எழுதுனது எல்லாம் சரி. ஒரு தப்பும் இல்ல. தப்பு ஏங்கிட்ட.”

“தள்ளுனது உண்மைன்னு எழுதிட்டேனே. அத யாராவது பாத்துட்டு இன்னும் கூடப் போட்டுருவாங்களா?”

“மாட்டாங்க” என்றாள் ஷெரின். உடனே நிறுத்தினாள். “எனக்குத் தெரியல பாப்பா. வக்கீல் சார்ட்ட கேட்டுச் சொல்லுறேன்.”

சிவரஞ்சனி தலையாட்டினாள். “பரீட்சையில கேட்டா எத எழுத?” என்றாள்.

“குறிப்புல இருக்கிறத எழுது.”

“அதுதான் பாதின்னு சொன்னீங்களே.”

“அதுக்குத்தான் மார்க்கு போடுவாங்க.”

அவள் அழுவாள் என்று ஷெரின் நினைத்தாள். அழவில்லை. இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாட்ட இப்ப அம்மா இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?”

“ஆமா.”

“அம்மாவுக்கு ஆளுநர்லாம் சொல்லத் தெரியாதே டீச்சர்.”

முக்கால் மணி நேரம் கழித்துப் பொன்மணி வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, மரத்தடிக்கு வந்து, கவரை ஷெரின் கையில் கொடுத்தாள். உள்ளே வக்காலத்து. பென்சில் குறிக்கு மேல் ச, மு, த் என்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. பக்கத்தில் சிறைச்சாலை முத்திரை, அதிகாரியின் கையெழுத்து, தேதி.

ஷெரின் தேதியை இன்னொரு தடவை பார்த்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“தண்ணி இருக்கா டீச்சர்?”

பாட்டிலை அண்ணாந்து குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

“சொல்லணும்னுதான் போனேன். கண்ணாடிக்கு அங்கிட்டு வந்து நின்னாவ. தலையில எண்ணெய வச்சுப் படிய வாரியிருந்தாவ, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. போனக் கையில எடுத்ததும் மொத வார்த்த, எப்ப விடுதாவன்னு கேட்டாவ. கூட இருக்கவியளுக்குத் தட்டு, போர்வை எல்லாம் குடுத்தாச்சாம். ஒருத்தரு வேண்டாம், இருக்கட்டும்னு சொன்னாராம். எனக்கு இனி எதுக்குன்னு இவிய சிரிச்சாவளாம்.”

“பொறவு?”

“வாய் வரல. அஞ்சு நிமிசம் போயிருச்சு. பின்னால நின்ன போலீசு நேரம் ஆச்சுங்கான். அப்ப சொன்னேன். டெல்லில இருந்து ஒரு தாளு வந்துருக்கு, அவிய போட்டாச்சு, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் விடுவாவன்னு சொன்னேன்.”

ஷெரின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“படிக்கலையா?”

“இங்கிலீசுல்லா. போலீசு வாங்கிக் குடுத்ததும் போட்டுட்டாவ. சீல் வைக்கிற ஆபீசரு எதுக்குப் போடுதன்னு தெரியுமாய்யான்னு கேட்டாரு. தெரியும் சார்னு சொன்னாவ.” பொன்மணி பாட்டிலை மூடித் திருகினாள். மூடி மாட்டவில்லை. திருகிக்கொண்டே இருந்தாள். “டீச்சருக்கு ஒரு கும்பிடு சொல்லச் சொன்னாவ.”

கிழவர் பீடியை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவில் யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள்.

“எப்பன்னு விடாமக் கேட்டாவ டீச்சர். ஒரு நாள் சொன்னாத்தான் போனை வைப்பேன்னு நின்னாவ. பங்குனி பொறந்ததும்னு சொல்லிட்டேன்.”

சிவரஞ்சனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பங்குனி ஒண்ணு இங்கிலீஷ்ல என்ன தேதி டீச்சர்?”

ஷெரின் போனை எடுத்துப் பார்த்தாள். “மார்ச் பதினஞ்சு.”

பிள்ளை பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து நகர்த்தினாள். ஒரு கை முடிந்து மறுகைக்குப் போனாள். உதடு மட்டும் அசைந்தது.

“இருபத்தொம்பது நாள்தான் டீச்சர் இருக்கு.”

ஷெரின் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.